முக்கால்வாசிக்கு இங்கிலீஷில் எந்தச் சொல்?

காரைக்குடியில் ஆங்கிலக் கடிதம், விளம்பரத் தாள், ஆய்வுச் சுருக்கம் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. கானாடுகாத்தானில் வீடு சுற்றிக்காட்டும் தம்பியும், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கணக்குப் பார்க்கும் அக்காவும், அழகப்பா பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "முக்காவாசின்னு சொல்லணும். மோஸ்ட் போடவா, மெஜாரிட்டி போடவா, மோர் தன் ஹாஃப் போடவா?"

எதைப் போட்டாலும் ஒன்றுதானே என்று நானும் சில வருஷம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பங்கு வீட்டுக் கடிதம் என் நினைப்பை மாற்றியது. அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் நம் பக்கத்துச் சொற்களைப் பார்த்துவிடலாம். அரைவாசி, முக்கால்வாசி, முக்காலே மூணு வீசம் என்று பின்னத்தை வைத்தே பேசிப் பழகியவர்கள் நாம். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்காலோடு மூன்று வீசம் சேர்த்தால் பதினாறில் பதினைந்து, அதாவது ஏறக்குறைய 94 சதவீதம். ஆனால் "முக்காலே மூணு வீசம் வேலை முடிஞ்சுது" என்று கொத்தனார் சொன்னால் யாரும் 94 என்று குறித்துக்கொள்வதில்லை. "முக்காவாசிப் பேர் வந்தாச்சு" என்றால் இலையை எண்ணிப் பார்ப்பதும் இல்லை. பின்னமாக இருந்த சொல் பேச்சில் கரைந்து வெறும் மதிப்பாகிவிட்டது.

ஆங்கிலத்தில் த்ரீ குவார்ட்டர்ஸ் அப்படிக் கரையவில்லை. அதை எழுதினால் படிப்பவர் 75 என்றே எடுத்துக்கொள்வார். முக்கால்வாசியை அப்படியே த்ரீ குவார்ட்டர்ஸ் ஆக்குவதுதான் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் முதல் தப்பு. உண்மையிலேயே நாலில் மூன்று என்று எண்ணியிருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் பார்ப்பது நாலு விஷயம். யாராவது எண்ணிப் பார்த்தார்களா, அல்லது கண்ணால் பார்த்த மதிப்பா என்பது முதலாவது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அடுத்தது, சொல்லப்படுவது தலை எண்ணக்கூடியதா (ஆள், வீடு, ஓட்டு), அளந்தோ நிறுத்தோ சொல்வதா (நேரம், செலவு, வேலை). மூன்றாவது, அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிராளி மனசில் எவ்வளவு விழும். கடைசியாக, மீதி இருக்கிறதே, அது யாருக்காவது வலிக்குமா. உடைந்த டைல்ஸ், சம்மதிக்காத பங்காளி, ஏசி இல்லாத அறை எல்லாம் அந்த மீதிக்குள்தான் இருக்கும்.

| சொல் | எண்ணியிருக்க வேண்டுமா | எண்ண முடியாததற்கு ஆகுமா | கேட்பவர் மனசில் விழுவது |
|---|---|---|---|
| மோஸ்ட் | வேண்டாம் | ஆகும் | பாதியைத் தாண்டி நன்றாக மேலே |
| த மெஜாரிட்டி ஆஃப் | எண்ணியிருந்தால் நல்லது | ஆகாது | பாதிக்கு மேல், எடுத்த முடிவு போல |
| மோர் தன் ஹாஃப் | கட்டாயம் | ஆகும் | பாதியை ஒட்டி, கொஞ்சம் மேலே |
| த வாஸ்ட் மெஜாரிட்டி ஆஃப் | எண்ணியிருந்தால் நல்லது | ஆகாது | மீதி பொருட்டில்லை |
| நியர்லி ஆல் | ஓரளவு | ஆகும் | மீதி கொஞ்சம், ஆனால் இருக்கிறது |
| த பல்க் ஆஃப் | வேண்டாம் | ஆகும் | பெரும்பங்கு |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் இருப்பது என் அனுபவத்தில் கண்டது. அகராதி விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## மோஸ்ட்

சந்தேகம் வந்தால் இதையே போடுங்கள். எண்ணிக்கை கேட்காது. ஆளுக்கும் ஆகும், நேரத்துக்கும் ஆகும், பேச்சிலும் எழுத்திலும் உறுத்தாது. "கானாடுகாத்தானில் பெரும்பாலான வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, மறு தெருவில் பின்கட்டு என்று நீளும்" என்பதற்கு 'மோஸ்ட் ஹவுசஸ்' போதும். யாரும் தெருத்தெருவாகப் போய் எண்ணியதா என்று கேட்கப் போவதில்லை.

தர்க்கப்படி பார்த்தால் நூறில் 51 இருந்தாலே மோஸ்ட் சரிதான். கேட்பவர் காதில் அப்படி விழுவதில்லை. ஸ்டெஃபனி சோல்ட் என்ற மொழியியலாளர் 2016இல் மோஸ்ட்டையும் மோர் தன் ஹாஃபையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து எழுதினார். மக்கள் நிஜமாக எழுதிய வாக்கியங்களில் மோர் தன் ஹாஃப் பாதியை ஒட்டிய எண்களுக்கே அதிகம் வருகிறது, மோஸ்ட் அதைவிட நன்றாக மேலே உள்ளவற்றுக்கு வருகிறது என்பது அவர் கண்டது. எண்ணவோ அளக்கவோ முடியாத, பொதுப்படையான விஷயங்களுக்கும் மோஸ்ட் இயல்பாகப் பொருந்துகிறது, மோர் தன் ஹாஃப் அங்கே தடுமாறுகிறது. அதனால் 52, 53 என்று இருக்கும்போது மோஸ்ட் போட்டால் பொய் சொன்னதாக ஆகாது, ஆனால் படிப்பவர் மனசில் தப்பான படம் விழுந்துவிடும்.

இதில் மறைந்திருக்கும் செலவு இலக்கணம். 'மோஸ்ட் விசிட்டர்ஸ்' என்றால் பொதுவாக வருகிறவர்கள். 'மோஸ்ட் ஆஃப் த விசிட்டர்ஸ்' என்றால் நேற்று வந்த அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர். இரண்டுக்கும் நடுவில் 'மோஸ்ட் ஆஃப் விசிட்டர்ஸ்' என்று ஒன்று கிடையாது, நம் ஊர்ப் பலகைகளில்தான் இருக்கிறது. இன்னொன்று, முன்னால் ஒரு 'த' சேர்ந்தால் அர்த்தமே திரும்பிவிடும். ஒரு பட்டறை 'மோஸ்ட் ஆஃப் த டைல்ஸ்' விற்றது என்றால் மொத்தத்தில் பெரும்பகுதி. 'த மோஸ்ட் டைல்ஸ்' விற்றது என்றால் மற்ற எல்லாப் பட்டறையையும்விட அதிகம், அவ்வளவுதான். அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம்.

## மெஜாரிட்டி

இது ஓட்டு எண்ணும் இடத்துச் சொல். கூட்டம் கூடினார்கள், கை தூக்கினார்கள், பாதிக்கு மேல் ஒரு பக்கம் நின்றது என்ற வாடை இதில் எப்போதும் இருக்கும். அதுதான் இதன் பலம், தொல்லையும் அதுதான்.

அந்தப் பங்கு வீட்டுக் கதைக்கு வருகிறேன். மூன்று அண்ணன் தம்பிகள் சேர்ந்து வைத்திருந்த வீடு. மூவரும் காலமாகி, பங்கு கீழே இறங்கிவிட்டது. ஒருவர் வழியில் ஒரே வாரிசு. இன்னொருவர் வழியில் இருவர். மூன்றாமவர் வழியில் ஆறு பேர். ஆக மொத்தம் ஒன்பது பங்காளிகள். வீட்டை விடுதியாக நடத்த நீண்ட குத்தகைக்குக் கேட்டு வெளிநாட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பதில் எழுத என்னைக் கூப்பிட்ட ஆச்சி, "முக்காவாசிப் பேர் சம்மதிச்சாச்சுன்னு எழுதிருப்பா" என்றார்கள். நானும் சட்டென்று 'த மெஜாரிட்டி ஆஃப் த ஓனர்ஸ் ஹேவ் அக்ரீட்' என்று வரைவில் எழுதிவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்னால் சும்மா கேட்டேன். சம்மதித்தவர்கள் ஆறு பேர். ஆறுமே மூன்றாமவர் வழி. தலைக்கணக்கில் ஒன்பதில் ஆறு, மூன்றில் இரண்டு பங்கு. சொத்துக் கணக்கில் பார்த்தால் ஆளுக்குப் பதினெட்டில் ஒன்று, ஆறு பேருக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குதான். நான் எழுதிய வாக்கியம் தலைக்கு உண்மை, பங்குக்குப் பொய். படிக்கிறவர் எதை நினைப்பார்? பணம் போடப் போகிறவர் பங்கைத்தான் நினைப்பார்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கூட்டுச் சொத்தில் பெரும்பான்மை என்பதே செல்லாது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி ஒரு பங்காளி தன் பங்கை மாற்றிக்கொடுக்கலாம். எட்டுப் பேர் சேர்ந்தாலும் ஒன்பதாமவர் பங்கைக் கொடுக்க முடியாது. மெஜாரிட்டி என்று எழுதியதும், ஓட்டெடுப்பில் முடிவாகும் காரியம் போல ஒரு நம்பிக்கை எதிராளிக்கு வந்துவிடுகிறது. கம்பெனியாக இருந்தால் அந்த நம்பிக்கை சரி. 2013 கம்பெனிச் சட்டத்தில் சாதாரணத் தீர்மானத்துக்கு எதிர் ஓட்டைவிட ஆதரவு ஓட்டு அதிகம் இருந்தால் போதும், சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர் ஓட்டைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். வீட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. தலையை எண்ணுகிறோமா, புள்ளியை எண்ணுகிறோமா என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கணக்கே தொடங்கும். மெஜாரிட்டி எழுதும்போதும் அந்தப் பழக்கம் வேண்டும். எதில் மெஜாரிட்டி என்பது அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

சின்னச் சின்னச் செலவுகள்: 'மெஜாரிட்டி பீப்பிள்' என்று ஒட்டி எழுதக் கூடாது, 'த மெஜாரிட்டி ஆஃப்' என்று வர வேண்டும். வீடுகள், ஆட்கள் என்று பின்னால் பன்மை வந்தால் வினையும் பன்மை. நேரம், தண்ணீர், சிமெண்ட் மாதிரி எண்ண முடியாதவற்றுக்கு இதைப் போட்டால் காதுக்கு இடறும், மோஸ்ட் ஆஃப் என்றே எழுதுங்கள்.

## மோர் தன் ஹாஃப்

ஆய்வு செய்யும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் வருமானம் கூடியதா என்று 120 நெசவாளர்களிடம் ஒரு மாணவி கேட்பதாக வைத்துக்கொள்வோம். 66 பேர் ஆமாம் என்கிறார்கள். அது 55 சதவீதம். இங்கே மோஸ்ட் போட்டால் வாசகர் எழுபது, எண்பது என்று நினைத்துக்கொள்வார். மோர் தன் ஹாஃப் நேர்மையாக இருக்கும். இன்னும் நேர்மை வேண்டுமென்றால் 'ஜஸ்ட் ஓவர் ஹாஃப்'.

அதே கேள்விக்கு 108 பேர் ஆமாம் என்றால் நிலைமை தலைகீழ். தொண்ணூறு சதவீதத்தை மோர் தன் ஹாஃப் என்று எழுதினால் கைக்கு வந்த பலத்தை நீங்களே குறைத்துச் சொன்ன மாதிரி. படிப்பவர், ஐம்பத்தைந்துதான் இருக்கும் போல என்று கடந்துவிடுவார்.

எண்ணாத இடத்தில் இதைப் போடவே கூடாது. "செட்டிநாட்டு வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக்கிடக்கின்றன" என்று ஒரு விளம்பரத் தாளில் எழுதச் சொன்னார்கள். யார் எண்ணியது என்றேன், பதில் இல்லை. 'மெனி' என்று மாற்றினேன். உண்மையில் பலதும் பூட்டித்தான் கிடக்கின்றன, தெருவில் நடந்தாலே மனசு கனக்கிறது. அந்தக் கனத்துக்காக ஒரு எண்ணைக் கற்பனை செய்ய முடியாது.

## வாஸ்ட் மெஜாரிட்டியும் நியர்லி ஆலும்

இரண்டுமே நம் முக்காலே மூணு வீசத்துக்குப் பக்கத்தில் வரும். வித்தியாசம் மீதியில்தான் இருக்கிறது.

ஒரு பட்டறையிலிருந்து 400 டைல்ஸ் போய்ச் சேர்ந்து, 20 உடைந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'த வாஸ்ட் மெஜாரிட்டி அரைவ்ட் ஸேஃப்லி' என்று எழுதினால், மீதியைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிற தொனி. 'நியர்லி ஆல்' என்றால் எல்லாமே வந்திருக்க வேண்டும், கொஞ்சம் குறைந்துவிட்டது என்று அந்தக் குறையின் பக்கம் கண்ணைத் திருப்புகிறது. வாங்கியவருக்குக் கூடத்தில் பூவேலை முழுசாக அமைய வேண்டும். அந்த 20தான் அவருக்கு எல்லாமே. கையால் ஒவ்வொன்றாகச் செய்த சரக்கு, அதே சாயம் அதே அச்சில் மறுபடி போட்டு அனுப்ப நாளாகும். அந்த இடத்தில் வாஸ்ட் மெஜாரிட்டி போட்டு நான் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்று வாடிக்கையாளரை இன்னும் கோபப்படுத்தியது. இப்போதெல்லாம் '380 ஆஃப் த 400' என்று எழுதி, 20க்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறோம்.

வாஸ்ட் மெஜாரிட்டி பொருந்தும் இடமும் உண்டு. மீதி நிஜமாகவே யாரையும் தொடாதபோது அது சரி. ஆனாலும் தெம்பாக இருக்கிறது என்று எல்லா இடத்திலும் போட்டு அந்தச் சொல்லின் பலமே போய்விட்டது. 60 சதவீதத்துக்கெல்லாம் எழுதுகிறார்கள்.

கூடவே ஒரு தப்பு: 'ஆல்மோஸ்ட் ஹவுசஸ்' என்று வராது. 'ஆல்மோஸ்ட் ஆல் த ஹவுசஸ்'.

## பல்க், பை அண்ட் லார்ஜ்

'த பல்க் ஆஃப்' சரக்குக்கும் செலவுக்கும் வேலைக்கும். பழைய நார்ஸ் மொழியில் கப்பல் சரக்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பர்மாவிலிருந்து தேக்கு ஏற்றிவந்த ஊருக்கு அந்நியமில்லாத சொல். பழுதுபார்ப்புச் செலவில் பெரும்பங்கு கூரைக்குப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆட்களைச் சொல்ல வேண்டாம், மூட்டை மாதிரி ஆகிவிடும்.

'பை அண்ட் லார்ஜ்' பாய்மரக் கப்பல் காலத்துத் தொடர். காற்றுக்கு எதிர்முகமாக ஒட்டி ஓடுவது ஒன்று, காற்று பின்னாலிருந்து தள்ள ஓடுவது இன்னொன்று. இரண்டிலும் ஓடும் கப்பல் என்பதிலிருந்து 'மொத்தத்தில் பார்த்தால்' என்ற அர்த்தம் வந்தது. பேச்சுக்கு அழகு. எண்ணிக்கையைச் சுமக்காது.

## மோஸ்ட்லி, மெயின்லி, லார்ஜ்லி

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் மோஸ்ட்லி. "மோஸ்ட்லி நாளைக்கு வருவேன்" என்று தமிழுக்குள்ளேயே அது அநேகமாக என்ற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பேசும்போது பரவாயில்லை. வெளியூர் விருந்தாளிக்கு 'தி ரூம் வில் மோஸ்ட்லி பி ரெடி' என்று எழுதினால், அறையின் பெரும்பகுதி தயாராக இருக்கும், ஒரு மூலை பாக்கி இருக்கும் என்று படிப்பார். அங்கே வர வேண்டியது 'ப்ராபப்ளி'.

இன்னொரு குழப்பம் தூண்களில். 'த பில்லர்ஸ் ஆர் மோஸ்ட்லி டீக்' என்றால் தூண்களில் பெரும்பாலானவை தேக்கா, ஒவ்வொரு தூணிலும் பெரும்பகுதி தேக்கா? பழம்பொருள் வாங்க முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவருக்கு இது விலையை மாற்றும் கேள்வி. 'மோஸ்ட் ஆஃப் த பில்லர்ஸ் ஆர் டீக்' என்று எழுதினால் தீர்ந்தது.

மெயின்லி வேறு ஜாதி. முக்கியமானது எது என்று சொல்லும், பாதியைத் தாண்டியதா என்று சொல்லாது. லார்ஜ்லி நிலைமையைச் சொல்ல நல்லது: வீடு 'லார்ஜ்லி இன்டாக்ட்', பெருமளவு பழுதில்லாமல் இருக்கிறது.

## அதிகம் பேர் என்பது பெரும்பாலோர் இல்லை

விடுதி நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நூறு விருந்தாளிகளில் சென்னையிலிருந்து 40, பிரான்சிலிருந்து 32, மற்ற இடங்களிலிருந்து 28 என்று இருந்தால் "சென்னைக்காரங்கதான் அதிகம்" என்று தமிழில் சொல்லலாம், தப்பில்லை. ஆங்கிலத்தில் மோஸ்ட், மெஜாரிட்டி இரண்டுமே பொய். 60 பேர் சென்னைக்காரர்கள் இல்லையே. தேர்தல் செய்தி படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். 234 இடம் உள்ள சட்டமன்றத்தில் 100 பிடித்து எல்லோரையும்விட முன்னால் நிற்பது தனிப்பெரும் கட்சி, 118 வந்தால்தான் பெரும்பான்மை.

அமெரிக்காவில் இந்த முதல் வகைக்கு 'ப்ளூராலிட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. விளம்பரத் தாளில் அது எடுபடாது. 'த லார்ஜஸ்ட் க்ரூப்' போடுங்கள், யாருக்கும் புரியும். ஓட்டு விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை: பிரிட்டனிலும் நம் நாட்டு ஆங்கிலத்திலும் 'வித் அ மெஜாரிட்டி ஆஃப் 3000' என்றால் பாதிக்கு மேல் என்று அர்த்தமில்லை, வாக்கு வித்தியாசம்.

அப்புறம் 'மேக்ஸிமம் கெஸ்ட்ஸ்'. அதை எழுதவே வேண்டாம். அறையில் இத்தனை பேருக்கு மேல் தங்கக் கூடாது என்றுதான் படிப்பார்கள்.

## அந்தக் கடிதம்

வரைவைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒன்பது உரிமையாளர்களில் ஆறு பேர், மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு உடையவர்கள், எழுத்தில் சம்மதித்திருக்கிறார்கள், மீதி மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், ஒன்பது கையெழுத்தும் விழுந்த பிறகே குத்தகை பேச முடியும் என்று நாலு வரி. தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"முக்காவாசிங்கறதே இதுல எங்கேயும் வரலையேப்பா" என்றார்கள் ஆச்சி.

"வரலை ஆச்சி. எண்ணிட்டோமே."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, அந்த மூணு பேருக்கும் இதுல ஒரு நகல் அனுப்பிரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.